ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள், ஓர் இரவு: தாமரச்சேரி சுரம் ஏறிய இரண்டு ட்ரெய்லர்கள் — நிகழ்வு ஆய்வு

கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக மைசூருப் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 766, அடிவாரம் என்ற சிற்றூரில் சமவெளியை விட்டு மேலேறத் தொடங்குகிறது. அங்கிருந்து தாமரச்சேரி சுரம் என்ற இந்த மலைப்பாதையின் உச்சியான லக்கிடி வரை சுமார் 12 கிலோமீட்டர். லக்கிடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். வயநாட்டுக்குப் போகும் பேருந்து, காய்கறி வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் முதன்மை வழி.

2022 செப்டம்பரில், கர்நாடகத்தின் நஞ்சன்கூட்டில் உள்ள ஓர் உணவுத் தொழிற்சாலைக்கான பெரிய இயந்திரங்களை ஏற்றிவந்த இரண்டு ட்ரெய்லர்கள் அடிவாரத்தில் நிறுத்தப்பட்டன. ஏற விட்டால் சுரம் அடைபட்டுவிடும் என்பது காவல்துறை, மாவட்ட நிர்வாகத்தின் கவலை. வண்டிகள் மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றன. 20 லட்சம் ரூபாய் பிணைத்தொகை கட்டவைத்த பிறகே அனுமதி கிடைத்தது. டிசம்பர் 22 இரவு 11 மணிக்குப் பொதுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மற்ற வண்டிகள் குற்றியாடிச் சுரம் போன்ற மாற்றுவழிகளுக்குத் திருப்பி விடப்பட்டன. விடியற்காலை 5 மணி வரை தடை நீடிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் இரண்டு ட்ரெய்லர்களும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு லக்கிடியைத் தொட்டுவிட்டன. சராசரி வேகம் மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் கீழே, மனிதன் நடக்கும் வேகம்தான்.

மூன்று மாதக் காத்திருப்பையும் மூன்று மணி நேர ஏற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்று தெரியும். வண்டி வளைவில் நுழைவதற்கு முன்பே அங்கே நடக்கப்போவதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்வது பின் ஆக்ஸிலும் (சக்கர அச்சு) உள்பக்க விளிம்பும் சாலையின் ஈரமும். ஓட்டுநரின் கைத்திறன் இவற்றுக்கு அடுத்துத்தான் வருகிறது.

பின் சக்கரம் எங்கே போகும்

நீண்ட வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்திலேயே வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே போடலாம். முன் ஆக்ஸில் ஓடும் ஆரத்தின் வர்க்கத்திலிருந்து சக்கர இடைவெளியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் பின் ஆக்ஸிலின் ஆரம் கிடைக்கும்.

சாதாரண ட்ரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழுவை வண்டியின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 4 மீட்டர், ட்ரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் ஆணியான கிங்பின்னிலிருந்து ட்ரெய்லர் ஆக்ஸில்களின் நடு வரை 10 மீட்டர், ட்ரெய்லரின் அகலம் 2.6 மீட்டர். முன் ஆக்ஸில் 15 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், இழுவை வண்டியின் பின் ஆக்ஸில் சுமார் 14.5 மீட்டரில் வரும்; ட்ரெய்லரின் ஆக்ஸில் 10.4 மீட்டரில் வரும். ஏறக்குறைய 4.6 மீட்டர் உள்வெட்டு. முகப்பின் வெளி மூலையிலிருந்து ட்ரெய்லரின் உள் விளிம்பு வரை அளந்தால் வண்டி அடைக்கும் அகலம் சுமார் 7.5 மீட்டர். இரண்டு வழிச் சாலையின் 7 மீட்டர் தார்ப்பரப்பு முழுவதும் போய், மேலும் அரை மீட்டர் வேண்டும். சாதாரணச் சரக்கு ட்ரெய்லரே கொண்டை ஊசியில் எதிர்வண்டியை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

இதே கணக்கில் 10 மீட்டருக்குப் பதில் 16 மீட்டர் போட்டுப் பாருங்கள். 14.5-இன் வர்க்கம் 210, 16-இன் வர்க்கம் 256. கழித்தால் எதிர்மறை எண் வருகிறது. வண்டியின் மொழியில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. திருப்பம் நீண்டுகொண்டே போனால் ட்ரெய்லரின் பின்பகுதி முன்னால் நகர்வதை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும், பிறகு பின்னோக்கி நகரப் பார்க்கும். கேபின் ட்ரெய்லரின் மூலையில் இடிக்கும், காற்றுக்குழாய்கள் அறுந்துபோகும். அந்த நீளத்துக்குத் திரும்பாத பின் ஆக்ஸில் உதவாது.

இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 52 மலைச்சாலை விதித்தொகுப்பு கொண்டை ஊசிக்குச் சொல்லும் குறைந்தபட்ச உள் ஆரம் 14 மீட்டர். இரண்டு வழித் தேசிய நெடுஞ்சாலையில் வளைவின் உச்சியில் சாலை அகலம் 11.5 மீட்டர், ஏற்றம் 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, உள்பக்கச் சாய்வு 10-க்கு 1 வரை, அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி. புதிதாகப் போடும் சாலைக்கான அளவுகள் இவை. தாமரச்சேரிச் சுரம் மாட்டு வண்டிக் காலத்துத் தடத்தைப் பின்பற்றிப் படிப்படியாக அகலப்படுத்தப்பட்டது. சில வளைவுகள் பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டன, சில பழைய குறுகலிலேயே இருந்தன. எனவே விதித்தொகுப்பைப் பார்த்து நம்பிப் போக முடியாது. ஒன்பதையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி

வளைவின் மையம் பெரும்பாலும் பாறைக்குள்ளோ மரத்துக்குள்ளோ இருக்கும், நாடாவின் ஒரு முனையை அங்கே பிடிக்க முடியாது. அதனால் உள் விளிம்பில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 10 மீட்டர் கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றின் நடுவிலிருந்து விளிம்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பார்கள். கயிற்று நீளத்தின் வர்க்கத்தை அந்த விலகலின் எட்டு மடங்கால் வகுத்து, விலகலில் பாதியைக் கூட்டினால் ஆரம். விலகல் 1 மீட்டர் என்றால் 12.5 கூட்டல் 0.5, அதாவது 13 மீட்டர். ஒரே வளைவில் தொடக்கம், உச்சி, முடிவு என மூன்று இடங்களில் இப்படி அளக்க வேண்டும். பழைய வளைவுகள் ஒரே ஆரத்தில் இருப்பதில்லை, உச்சியில் இறுகி வெளியேறும் இடத்தில் விரியும். ஓரிடத்தில் மட்டும் அளந்தவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

குறுக்குச் சாய்வுக்கு 2 மீட்டர் நேர்ச்சட்டமும் ரசமட்டமும் போதும். சட்டத்தை மட்டமாகப் பிடித்தால் தாழ்ந்த முனைக்குக் கீழே 20 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சாய்வு 10 சதவீதம். தடுப்புச்சுவரின் உயரம், வடிகாலின் அகலமும் ஆழமும், மின்கம்பி தாழும் இடம், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்கு எல்லாம் அதே நடையில் எழுதப்பட வேண்டும். மின்கம்பியை அளக்க மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழைக் கோல்தான். அலுமினியக் கோலோடு யாரும் கம்பிக்கு அருகில் போகக் கூடாது.

உள்பக்க வடிகால் பல இடங்களில் தேவையான அந்த அரை மீட்டரைக் கொடுத்துவிடும். மேலே இரும்புத் தகடு போட்டுச் சக்கரத்தை ஏற்றலாம். ஆனால் வடிகாலின் கட்டுச்சுவர் பளு தாங்குமா என்று பார்க்காமல் தகட்டை மட்டும் நம்பினால் தகடு வளையாது, சுவர் சரியும். வெளிப்பக்கம் இன்னும் ஆபத்தானது. 2018 மழையில் இதே சுரத்தில் சிப்பிலித்தோடு அருகே சாலையின் ஓரமே இடிந்து இறங்கியது. தார் தெரியும் இடமெல்லாம் பளு தாங்கும் இடமல்ல. பள்ளத்துப் பக்க விளிம்பிலிருந்து ஒரு மீட்டரையாவது இல்லாததாகக் கணக்கிட்டு, மிச்சத்தில் வண்டி திரும்புமா என்று பார்ப்பதே சரி.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த அளவெடுப்பு சரக்கை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் நடக்க வேண்டியது. மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திய பிறகு அனுமதிப் பேச்சைத் தொடங்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதன் விலையை வாடகை, காவல், டயர், ஓட்டுநர்களின் மாதக்கணக்கான சாலையோர வாழ்க்கை என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

திரும்பும் ஆக்ஸில் தருவதும் எடுப்பதும்

இந்த அளவுச் சுமைகளுக்கு ஹைட்ராலிக் ஆக்ஸில் ட்ரெய்லர்தான் தீர்வு. ஒவ்வொரு வரிசையிலும் எட்டு டயர். வரிசைகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒன்றரை மீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு வரிசைக்கு 18 டன். எல்லா வரிசைகளும் கம்பித்தண்டுகளால் இணைக்கப்பட்டு, முன்வரிசை ஒரு பக்கம் திரும்பினால் பின்வரிசை எதிர்ப்பக்கம் திரும்பும். தானாகத் திரும்புவது போதாதபோது பின்னால் நடந்துவரும் ஸ்டியரிங் ஆள், பவர் பேக் (ஹைட்ராலிக் அழுத்தம் தரும் எஞ்சின்-பம்பு) மூலம் கூடுதலாக ஒடிக்கலாம். தளத்தை மேலும் கீழுமாகச் சுமார் 60 சென்டிமீட்டர் நகர்த்தலாம்.

16 மீட்டர் தளத்தின் இரு முனைகளும் 15 மீட்டர் ஆரத்திலேயே வந்தால், தளத்தின் நடுப்பகுதி உள்பக்கம் வெட்டுவது 2.3 மீட்டர்தான். திரும்பவே முடியாது என்று கணக்கு சொன்ன வண்டி இப்போது திரும்புகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உள்பக்க ஆபத்து வண்டியின் வாலிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. சாதாரண ட்ரெய்லர் ஓட்டிப் பழகிய கண் பின் சக்கரத்தையே பார்க்கும். நடுவயிறு பாறையில் உரசுவதைப் பார்க்காது. அகலமான இயந்திரமாக இருந்தால் முதலில் தொடுவது சக்கரம் அல்ல, சரக்கின் தோள். அதனால் உள்பக்க ஆள் வண்டியின் நடுவோடு நடக்க வேண்டும்.

வால் வீச்சையும் மறக்கக் கூடாது. கடைசி ஆக்ஸிலுக்குப் பின்னால் சரக்கு 4 மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், வளைவில் நுழையும் நேரத்தில் அந்த முனை வெளிப்பக்கம் வீசும். அங்கே தடுப்புச்சுவர் இருக்கும். சுவர் 90 சென்டிமீட்டர், தளம் 1.2 மீட்டர் என்றால் வால் சுவருக்கு மேலேயே மிதந்து போய்விடும். தேவைப்பட்டால் தளத்தை இன்னும் 15, 20 சென்டிமீட்டர் உயர்த்தி, சுவரைத் தாண்டியதும் இறக்கிவிடலாம்.

உயர்த்தும்போது சரக்கின் கனமையமும் உயர்கிறது. ஹைட்ராலிக் தளத்தின் சாய்வுத் தாங்கும் கோணம், அதாவது கவிழாமல் சாயக்கூடிய அளவு, குறைந்தது 7 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. 10 சதவீதக் குறுக்குச் சாய்வு என்பது 5.7 டிகிரி. தளத்தை மட்டப்படுத்தாமல் வளைவில் நுழைந்தால் கையிருப்பில் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். கனமையம் 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது 25 சென்டிமீட்டர் உள்பக்கம் நகர்ந்ததற்குச் சமம். எனவே சாய்வு தொடங்கும் இடத்தில் உள்பக்கச் சிலிண்டர்களை ஏற்றி வெளிப்பக்கத்தை இறக்கித் தளத்தை மட்டமாக்க வேண்டும். வளைவு முடிந்ததும் திருப்ப வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறப்பவர்கள் உண்டு. வளைவை வென்ற நிம்மதியில், சாய்ந்த தளத்தோடு நேர்ச்சாலையில் போவார்கள்.

பவர் பேக்கில் உள்ள அழுத்தமானிகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு பக்கத் தொகுதியின் அழுத்தம் மட்டும் மளமளவென்று ஏறினால் பளு அந்தப் பக்கம் சாய்கிறது. அந்த நொடியில் நிறுத்த வேண்டும், அழுத்தமானியின் முள் திரும்பி இறங்கும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏற்றம், இழுவை, ஈரம்

கொண்டை ஊசியில் ஏற்றம் அகலமெங்கும் ஒன்றாக இருப்பதில்லை. நடுக்கோட்டில் 15 மீட்டர் ஆரம், 6 சதவீத ஏற்றம் என்றால், அரைவட்டம் திரும்பி முடிக்கும்போது சாலை சுமார் 2.8 மீட்டர் உயர்ந்திருக்கும். அதே உயரத்தை 9 மீட்டர் ஆரத்து உள் விளிம்பு 28 மீட்டர் தூரத்திலேயே ஏறியாக வேண்டும். அங்கே ஏற்றம் 10 சதவீதம். உள்ளே வெட்டும் சக்கரங்கள் ஏறுவது இந்தச் செங்குத்தை. தாழ்தள ட்ரெய்லர்கள் வயிறு தட்டி உட்கார்ந்துவிடுவதும் இதே இடத்தில்தான்.

மொத்த எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்துக்கு 8 டன் இழுவிசை, சக்கர உருளலுக்கு இன்னும் ஒன்றரை முதல் 2 டன். ஆக 10 டன். மணிக்கு 4 கிலோமீட்டரில் இதற்குத் தேவைப்படும் திறன் சுமார் 150 குதிரைத்திறன்தான். இன்றைய புல்லர்களிடம் (கனரக இழுவை வண்டிகள்) இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கிறது. ஆகவே மலையில் வண்டி நிற்பது பெரும்பாலும் எஞ்சின் போதாமல் அல்ல, பிடிமானம் போதாமல். உலர்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.6 என்றால் இயக்கும் ஆக்ஸில்கள் மேல் குறைந்தது 17 டன் பளு அழுத்த வேண்டும். நனைந்த தாரில் அது 0.4-க்கு இறங்கினால் 25 டன் வேண்டும். புல்லரின் முதுகில் கான்கிரீட் பாளங்களை ஏற்றுவது இதற்காகத்தான். அடிவாரத்துக் காத்திருப்பில் நேர்ந்த ஒரே நன்மையும் இங்கேதான். செப்டம்பரில் சுரம் ஈரத்தோடு இருக்கும், டிசம்பர் கடைசி வாரத்தில் உலர்ந்திருக்கும்.

வளைவில் இன்னொன்று சேர்கிறது. புல்லருக்கும் ட்ரெய்லருக்கும் இடையே கோணம் விரியும்போது ட்ரெய்லரின் இழுவை புல்லரைப் பின்னோக்கி மட்டும் இழுப்பதில்லை, பக்கவாட்டிலும் இழுக்கிறது. 60 டிகிரி கோணத்தில் 10 டன் இழுவையில் 8.7 டன் பக்கவாட்டு இழுப்பு. புல்லரின் பின்சக்கரங்கள் கரகரவென்று உள்பக்கம் நழுவுவது இதனால். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் போட்டுச் சமாளிக்கத் தோன்றும். ஒடித்த நிலையில் பிடிமானமுள்ள சாலையில் லாக் போட்டால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸில் தண்டு முறியும். லாக் என்பது நேராக நிற்கும்போது கிளம்புவதற்கு.

சரியான மருந்து பின்னால் ஒரு புல்லர். தேவையான 10 டன்னில் பாதியைப் பின்வண்டி தள்ளினால் முன்னால் பக்கவாட்டு இழுப்பும் பாதியாகிவிடும். ஆனால் பின்வண்டி ஒருபோதும் முன்வண்டியை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் ட்ரெய்லர் புல்லரைத் தள்ளும், ஒடிந்த நிலையில் இருக்கும் புல்லர் மடங்கிப் பள்ளத்துப் பக்கம் திரும்பும். முன்கொக்கியில் இழுவை தளராமல் இருக்கிறதா என்று பார்க்கவே ஓர் ஆள் வேண்டும். கிளம்பும்போது முன்வண்டி இழுத்துப் பிடித்த பிறகு பின்வண்டி. நிற்கும்போது பின்வண்டி முதலில் தளர்ந்து, பிறகு முன்வண்டி.

வாக்கிடாக்கியில் ஒரே குரல்தான் கட்டளை கொடுக்க வேண்டும். “நிறுத்து” என்ற ஒரு சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னதும் எல்லோரும் நிறுத்த வேண்டும். சக்கரத்தோடு கட்டையைச் சுமந்து நடப்பவர்கள் பக்கத்துக்கு இருவர். வண்டி நின்ற உடனே கட்டை போட வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. கட்டை போடுபவர் சக்கரத்துக்கு வெளிப்பக்கமாகவே நிற்க வேண்டும். இரண்டு ஆக்ஸில் வரிசைகளுக்கு நடுவே கையை விட்டுப் போடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

மூடிய சாலை கொடுத்தது

டிசம்பர் 22 இரவு வண்டிகள் சிக்காமல் ஏறியதற்கு முதல் காரணம், சாலை முழுவதும் அவற்றுக்குக் கிடைத்ததுதான். மூடாத சாலையில் 7.5 மீட்டர் வேண்டிய வண்டிக்கு 3.5 மீட்டர்தான் தருகிறோம். எதிரே பேருந்து மூக்கை நீட்டும், இருசக்கர வண்டி உள்பக்க இடுக்கில் புகும். ஓட்டுநர் வெளிப்பக்கமாக விரித்து எடுக்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே ஒடித்துவிடுவார், நடுவில் நிற்பார். ஒரே ஒடிப்பில் போகாதபோது பின்னெடுத்து இரண்டாவது ஒடிப்பு கொடுப்பது உண்டு. ஏற்றத்தில் முழுச் சுமையோடு அப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் கிளட்ச் தட்டு கருகி வாடை வரும். எஞ்சின் விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கடத்தும் புரொப்பல்லர் தண்டின் மூட்டான கிராஸ் உடைவதும் இந்தத் தருணத்தில்தான். ஒரு கிராஸ் உடைந்தால் அன்றைக்குச் சுரம் முழுக்க நிற்கும், மேலே கல்பற்றாவிலிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிய நோயாளியும் நிற்பார். மாவட்ட நிர்வாகத்தின் தயக்கத்தை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அது வெறும் கோப்புத் தாமதம் அல்ல.

காவலர்களோடு சுரம் பாதுகாப்புச் சமிதித் தொண்டர்களும் கூட நடந்தார்கள். எந்த வளைவில் எந்த ஓரம் மெலிந்தது, எங்கே மழைநீர் தாருக்கு அடியில் ஓடுகிறது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அன்றாடம் அங்கே சிக்கும் லாரிகளை மீட்பவர்களிடம் கேட்டால் தெரியும். அளவெடுப்பு நாளிலேயே அவர்களில் ஒருவரை அழைத்துப் போவது நல்லது.

லக்கிடிக்குப் பிறகு

ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் வேகம் எடுக்கத் தோன்றும். முதலில் அகலமான இடத்தில் நிறுத்தி, எல்லாச் சங்கிலிகளையும் ராட்செட் போட்டு மறுபடி இறுக்க வேண்டும். ஒன்பது முறை இடமும் வலமுமாக முறுகிய தளத்தில் மூலைச் சங்கிலிகள் கட்டாயம் தளர்ந்திருக்கும். ஸ்டியரிங் தண்டுகள் நேர்க்கோட்டுக்குத் திரும்பியிருக்கின்றனவா என்று முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். தளம் எல்லா மூலையிலும் ஒரே உயரத்துக்கு வந்திருக்க வேண்டும். உள்வரிசை டயர்களின் பக்கச்சுவர்களில் வெட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும், கிங்பின் பூட்டையும் கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. நெடுஞ்சாலை 766-இல் முத்தங்காவுக்கு அப்பால் குண்டுலுப்பேட்டை நோக்கிப் போகும் பந்திப்பூர்க் காட்டுப்பகுதியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளை விடுவதில்லை. பின்னிரவில் லக்கிடியை எட்டிய வண்டி எப்படியும் விடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.